காட்டு வாத்துகளின் வெள்ளிக்கிழமை விரதம்

ஜேர்மனியின் வடகரையில் ஹோல்ம்ஸீல் என்றொரு சின்னப் பட்டினம். அங்கே எந்த வீட்டு மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியும். ஒரே ஒரு கட்டடத்திலிருந்து மட்டும் தெரியாது. அந்தக் கட்டடத்தில்தான் கரையோரப் பறவைகள் மேய்ச்சல் பதிவுக் கந்தோர் இருக்கிறது. பதினெட்டு அறைகள், முப்பத்தாறு யன்னல்கள், முப்பத்தாறும் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபடி. கட்டியவர் கவனியாமல் செய்த வேலை இல்லை அது. கடல் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் ஊழியர்களுக்குக் கடலைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம் உண்டாகிவிடும், அது பதிவைக் கெடுக்கும் என்று முதல் தலைவர் கைப்பட எழுதிய கடிதம் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

கந்தோரின் வேலை கஷ்டமானதில்லை. ஒவ்வொரு செப்டெம்பரிலும் வட துருவத்துப் பக்கத்திலிருந்து கறுத்தக் காட்டு வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கழுத்தில் வெள்ளையாய் ஒரு வளையம் இருக்கும். கடல் வற்றியதும் சேற்று வெளியில் முளைத்திருக்கும் கடற்புல்லை அவை தின்னும். எதைத் தின்கின்றன, எப்போது தின்கின்றன, எவ்வளவு தின்கின்றன என்று எழுதி வைக்க வேண்டும். கண்ணும் ஒரு சோடி றப்பர் சப்பாத்தும் உள்ளவர் ஒரு கிழமையில், ஏழே நாளில், சொல்லிவிடக்கூடிய சங்கதிதான். ஆனால் றப்பர் சப்பாத்து கந்தோரின் உபகரணப் பட்டியலில் இல்லை. ஆகையால் இருபத்தாறு பேர் இருபத்துமூன்று வருடமாக அதைச் செய்துவந்தார்கள்.

இந்தக் கந்தோருக்குத்தான் விஜயரத்தினம் வேலைக்குப் போனார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். ஹோல்ம்ஸீல் மீன் மண்டபத்தில் இருபத்திரண்டு வருடம் பருவத்துக்குப் பருவம் இறால் உரித்தவர். மண்டபத்தை மூடியபோது, வேலை தேடித் தருகிற இடத்தில் இருந்த அம்மா 'கடலோடு இருபத்திரண்டு வருட அனுபவம்' என்று கணினியில் தட்டினார். கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு மேய்ச்சல் கந்தோரில் அவதானிப்பு உதவியாளர் என்றது. ஐந்து மாத ஒப்பந்தம், ஓகஸ்டிலிருந்து டிசெம்பர் முப்பத்தொன்று வரை. ஆள் நம்பகமானவர் என்று கண்டால் நிரந்தரமாக்குவார்கள்.

அந்த நிரந்தரம் என்ற சொல்லை விஜயரத்தினம் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அவருடைய கைக்கு வந்த எல்லாக் கடதாசியிலும் ஒரு முடிவுத் திகதி இருந்திருக்கிறது. முதல் வந்த தஞ்சக் கடதாசி மூன்று மாதம். பிறகு ஆறு மாதம். பிறகு 'தற்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம்' என்ற கடதாசி, அதுவும் ஆறு மாதம். மீன் மண்டபத்து ஒப்பந்தங்கள் இறாலைப் போலவே பருவம் முடிய முடிந்தன. கடைசியில் ஜேர்மன் பிரசையாகி, கடவுச்சீட்டை வாங்கி ஆவலோடு திறந்து பார்த்தால் அதிலும் பத்து வருடம் என்று போட்டிருந்தார்கள். சாகமுன் முடிவுத் திகதி இல்லாத ஒரு கடதாசியைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி தேவமலர் அந்தக் கடதாசிக்கென்று பொத்தான் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறையை முன்கூட்டியே வாங்கி, பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

விஜயரத்தினத்திடம் இன்னொரு குணமும் இருந்தது. எந்தப் படிவத்திலும் எந்தப் பெட்டியையும் வெறுமையாக விடமாட்டார். வந்த புதிதில் தஞ்ச விண்ணப்பத்தில் ஒரு பெட்டியை விட்டார். 'தந்தை இறந்த திகதி' என்று கேட்டிருந்தது. தந்தை உயிரோடு சுகமாக இருந்ததால் அவர் ஒன்றும் எழுதவில்லை. பதினொரு மாதம் கழித்து, முழுமையாக நிரப்பப்படவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அன்றைக்குப் பிடித்த பயம். ஒருமுறை மருத்துவமனைப் படிவத்தில் 'கர்ப்பமாக இருக்கிறீர்களா' என்ற பெட்டிக்கு எதிரே 'இன்னும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தவர் அவர்.

கந்தோரில் அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் உதவித் தலைவர் லூட்கே. மெலிந்த, சுத்தமான மனிதர். பிழை கண்ட படிவங்களில் ஒட்டுவதற்கு மஞ்சள் துண்டுகளைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். கந்தோருக்கு ஒரே ஒரு கார் என்றும், திங்கள் முதல் வியாழன் வரை அது இந்தக் கட்டடத்துக் கோப்புகளை எதிர்க் கட்டடத்துக்கும் எதிர்க் கட்டடத்துக் கோப்புகளை இங்கேயும் ஏற்றி இறக்குகிறது என்றும், வெள்ளிக்கிழமை காலை மட்டும் ஓய்வாக நிற்கும் என்றும் விளக்கினார். ஆகவே வாத்துகளை வெள்ளிக்கிழமை பத்து மணி முதல் பத்தரை வரை அவதானிக்க வேண்டும். அவதானிப்பு நிலையம் அறுநூறு மீற்றர் தூரத்தில்தானே, நான் தினமும் நடந்தே போய்வருவேனே என்று விஜயரத்தினம் கேட்டார். காப்புறுதி காரில் போகிறவருக்குத்தான் என்றார் லூட்கே.

நிலையம் என்பது கடல் அணையின் உச்சியில் கொங்கிறீற்றில் பதித்த ஓர் இரும்புக் கதிரை. அது கடலைப் பார்த்தபடி இருந்தது. அதில் இருப்பவர் கடலை மட்டும்தான் பார்க்கலாம். அணைக்குப் பின்னால் இருக்கும் வயல்கள் வேறொரு கந்தோருக்குரிய திசை. திரும்பிப் பார்ப்பது அடுத்த கந்தோரின் அதிகாரத்தில் கை வைப்பதாகும்.

செப்டெம்பர் நடுவில் முதல் வெள்ளிக்கிழமை. விஜயரத்தினம் கதிரையில் இருந்து தொலைநோக்கியைத் தூக்கினார். கடல் நன்றாக வற்றி, சேறு பளபளவென்று கிடந்தது. அதில் பச்சைத் தலைமயிர் மாதிரிக் கடற்புல். புல் முழுக்க வாத்துகள். அவை தின்ற விதத்தைப் பார்த்து மனிதர் எழுத மறந்துபோனார். ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே நின்று காலை மாற்றி மாற்றிச் சேற்றை மிதித்தது. மிதிக்க மிதிக்கச் சேறு கரைந்து ஒரு சின்னக் குழி விழுந்தது. பிறகு தலையை உள்ளே விட்டு, புல்லை வேரோடும் கிழங்கோடும் இழுத்து, தண்ணீரில் அலசி விழுங்கியது. அலசும்போது நழுவிப் போகிற இலைகளைப் பொறுக்கப் பின்னால் இன்னொன்று நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக வேலை நேரத்தில் சந்தோஷமாக இருக்கிறேன் என்று விஜயரத்தினம் நினைத்தார். நாற்பத்தொரு பெட்டிகளையும் நிரப்பினார். ஆயிரத்து இருநூற்று நாற்பது வாத்துகள், எல்லாம் தின்றுகொண்டிருந்தன.

அடுத்த வெள்ளி அதே பத்து மணிக்குப் போனால் சேற்றையும் காணவில்லை, புல்லையும் காணவில்லை. கடல் அணையின் காலடி வரை நிரம்பி நின்றது. தூரத்தில் கொஞ்ச வாத்துகள் சும்மா மிதந்தன. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கடலின் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்திப் போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம். ஒரு வெள்ளி பத்து மணிக்கு வற்றியிருந்தால் அடுத்த வெள்ளி பத்து மணிக்கு நிரம்பியிருக்கும். அதற்கடுத்த வெள்ளி மறுபடி வற்றியிருக்கும். ஹோல்ம்ஸீலில் நண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். விஜயரத்தினம் உண்பவை பூச்சியம் என்று எழுதி, 'உண்ணாமைக்குக் காரணம்' என்ற பெட்டியில் 'கடல் ஏற்றம்' என்று எழுதினார்.

திங்கட்கிழமை படிவம் மஞ்சள் துண்டோடு மேசைக்கு வந்தது. லூட்கே பின்னாலேயே வந்தார். கடலின் மட்டம் கடல் மட்டக் கந்தோருக்குரியது, அது வேறு நகரத்தில் இருக்கிறது, அவர்களுடைய எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் நாங்கள் ஏற்றம் என்ற சொல்லைப் பாவிக்க இயலாது, சம்மதத்துக்கு எட்டு மாதம் எடுக்கும் என்றார். காரணங்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. ஒன்று நோய், இரண்டு இடையூறு, மூன்று உணவுத் தட்டுப்பாடு, நான்கு வேறு, விவரிக்கவும்.

விஜயரத்தினம் யோசித்துப் பார்த்தார். நோய் என்று எழுதினால் மிருக வைத்தியர்கள் வெள்ளை உடுப்போடு வந்து இறங்குவார்கள். இடையூறு என்றால் யார் இடையூறு செய்தது என்று கேட்பார்கள், அந்த நேரம் அணையில் நின்ற ஒரே மனிதர் அவர்தான். தட்டுப்பாடு என்றால் பச்சைப் பொய். மிஞ்சியது நான்கு. பெட்டியோ வெறுமையாகக் கிடந்து அவரையே பார்த்தது. வெள்ளிக்கிழமைப் பாதி நாள் அவர் வீட்டில் பச்சைத் தண்ணீரோடு போகும். தேவமலர் முப்பது வருடமாகப் பிடிக்கிற விரதம், அவரும் மத்தியானம் வரை கூடவே இருப்பார். கதிரையில் இருந்தபோது தன் வயிறு சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. வாத்தும் தின்னவில்லை, நானும் தின்னவில்லை என்று எண்ணியபடி 'நான்கு: விரதம்' என்று எழுதிக் கொடுத்தார். எப்படியும் மஞ்சள் துண்டோடு திரும்பி வரும், அதற்குள் நல்லதாக ஒன்று யோசிக்கலாம் என்றிருந்தார்.

திரும்பி வரவில்லை. முத்திரை குத்தப்பட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டது.

ஒருமுறை எழுதியதைப் பிறகு மாற்றுவது எப்படி? அதற்கடுத்த வெள்ளி தின்றன. அடுத்த வெள்ளி விரதம். ஒக்டோபர் முடிய லூட்கே அந்தப் படிவங்களை வைத்து ஒரு வரைபடம் கீறினார். மேலே, கீழே, மேலே, கீழே என்று வாள் பல்லுப் போல வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தலைவி கலாநிதி பிரோடர்ஸன் அம்மையாரிடம் ஓடினார். லூட்கே ஓடியதை அந்தக் கந்தோரில் அதற்குமுன் ஒருவரும் கண்டதில்லை.

அம்மையார் எல்லா ஊழியர்களையும் மண்டபத்தில் கூட்டினார். "இருபத்துமூன்று வருடமாக நாங்கள் தரவு சேர்க்கிறோம்" என்று தொடங்கினார். "ஒரு வருடமும் அந்தத் தரவு எதையும் சொல்லி எங்களைத் தொந்தரவு செய்ததில்லை. ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் 'சென்ற ஆண்டைப் போலவே' என்று எழுதினோம். எங்கள் முறை எவ்வளவு துல்லியமானது என்பதற்கு, ஒவ்வோர் ஆண்டும் ஒரே முடிவு வந்ததே சாட்சி. இந்த ஆண்டு ஒருவர் போய்ப் பார்த்தார். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வாத்துகள் இரண்டு கிழமைக்கொருமுறை விரதம் இருக்கின்றன என்று இப்போது எங்களுக்குத் தெரியும்."

பிறகு விஜயரத்தினத்தைத் தன் அறைக்கு அழைத்து, விரதம்தான் என்று எப்படிக் கண்டீர்கள் என்று கேட்டார். அவை சாப்பிடவில்லை என்றார் விஜயரத்தினம். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். இதுதான் கலப்படமில்லாத அவதானிப்பு என்றார். நிரந்தர நியமனத்துக்கு உங்கள் பெயரை மேலிடத்துக்கு எழுதிவிட்டேன் என்றும் சொன்னார். கடல் ஏறி இறங்குகிற சங்கதியைச் சொல்லவென்று வாயைத் திறந்த விஜயரத்தினம், நன்றி என்று சொல்லி வாயை மூடினார்.

பத்திரிகையில் வந்தது. பட்டினத்துச் சுகவாச நிலையம் 'வாத்துகளோடு விரதம்' என்றொரு கிழமையை அறிவித்தது. மழையங்கி போட்ட, வேலையிலிருந்து இளைப்பாறியவர்கள் நாற்பது பேர், காய்கறி வடித்த சுடுதண்ணீரைக் குடுவையில் வைத்துக்கொண்டு அணையில் வரிசையாக நின்று ஆழ்ந்து மூச்சு விட்டார்கள். அணையில் ஒரு பலகை நட்டார்கள்: 'விரதம் இருக்கும் பறவைகள். அவற்றின் பார்வையில் உண்ண வேண்டாம்.' பாணுக்குள் மீன் வைத்துத் தின்றுகொண்டு வந்த ஒரு குடும்பத்தைப் பொலிஸ் மரியாதையாகத் திருப்பி அனுப்பியது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து தேவமலரின் தங்கை சுலோஜனா தொலைபேசி எடுத்தார். "அத்தான், உங்கட ஊரிலை வாத்தெல்லாம் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்குதாம். எங்கட கோயில் ஆக்கள் ஒரு பஸ் பிடிச்சு வரப்போகினமாம். எந்தத் தெய்வத்துக்கெண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

விஜயரத்தினமும் அதைக் கேட்டுச் சிரித்தார். ஹின்ரிக்ஸ் வந்து கதவைத் தட்டும்வரைதான் அந்தச் சிரிப்பு.

ஹின்ரிக்ஸ், அணைக்குப் பின்னால் வயல் வைத்திருக்கும் விவசாயி. பெரிய கை, குறைந்த பேச்சு. கடல் நிரம்பி, கடற்புல் கழுத்துக்கு எட்டாமல் போகும் நேரமெல்லாம் வாத்துகள் அணைக்கு மேலால் பறந்து அவருடைய பனிக்காலக் கோதுமையில் இறங்கின. மண்ணை விட்டு விரலளவு வந்த பயிரை மொட்டையடித்தன. அவை பாதுகாக்கப்பட்ட பறவைகள், அனுமதி இல்லாமல் விரட்ட முடியாது. வயலில் கொடி கட்டி அவற்றைக் கலைக்க அனுமதி கேட்டு ஹின்ரிக்ஸ் ஓர் அன்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டார். வந்த பதிலை விஜயரத்தினத்தின் வீட்டு மேசையில் வைத்தார். 'நீங்கள் குறிப்பிடும் வெள்ளிக்கிழமைகளில் பறவைகள் விரதம் இருந்தது பதிவாகியுள்ளது. உண்ணாத பறவையை விரட்டுவது துன்புறுத்தலாகும். தங்கள் பயிரை உண்டது முயலாக இருக்கலாம். முயல்களுக்கான படிவம் இணைக்கப்பட்டுள்ளது.'

"நீங்கள் அந்தக் கதிரையில் இருக்கும்போது பின்னால் சத்தம் கேட்பதில்லையா?" என்று ஹின்ரிக்ஸ் கேட்டார்.

கேட்டிருந்தது. ஒவ்வொரு விரத வெள்ளியும் கேட்டிருந்தது. ஆயிரம் அலகுகள் ஈரப் பயிரைப் பிடுங்குகிற சத்தம், முதுகுக்குப் பின்னால், ஐம்பது மீற்றரில். விஜயரத்தினம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் லூட்கேயிடம் போய், என் பதிவைத் திருத்த வேண்டும் என்றார். லூட்கே மேசை இலாச்சியிலிருந்து திருத்தப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். முதல் பெட்டியில் 'நான் நம்பகமற்ற அவதானிப்பாளர்' என்று அச்சடித்து, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. நம்பகமற்றவரை நிரந்தரமாக்குவதற்கில்லை என்பதை லூட்கே கவலையோடுதான் சொன்னார். வரும் வெள்ளி மேலிடத்துச் செயலாளர் விரதத்தை நேரில் பார்க்க வருகிறார், நியமனக் கடிதத்தை அணையில் வைத்தே உங்கள் கையில் தருவார், இரண்டு நாள் பொறுங்கள் என்றார்.

அந்த இரண்டு நாளும் விஜயரத்தினம் ஒரு வேலையும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காலை சப்பாத்து நாடாவைக் கட்டும்போது தேவமலரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடிதம் கைக்கு வந்த பிறகு உண்மையைச் சொல்லலாமோ என்றும் கேட்டுப் பார்த்தார்.

தேவமலர் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "இஞ்சாருங்கோ, நான் முப்பது வருஷமாப் பிடிக்கிற விரதம். அதின்ரை பேரைச் சொல்லி ஒரு மனிசன்ரை பயிரை மொட்டையடிக்க விடுறியளே. கடதாசி வராட்டிப் போகட்டும். அந்த உறைக்குள்ளை நான் மின்சார பில்லை வைக்கிறன்."

"அப்ப சொல்லச் சொல்லுறீர்?"

"ஓம். ஆனால் பிந்தாமல் சொல்லுங்கோ."

பத்து மணிக்கு அணையில் கூட்டம். செயலாளர் பச்சை மழையங்கியில் வந்திருந்தார். பிரோடர்ஸன் அம்மையார், லூட்கே, கந்தோரின் மற்ற இருபத்துமூன்று பேர், குடுவையோடு சுகவாச நிலையத்தார், இரண்டு பத்திரிகைக்காரர். கடல் விளிம்பு வரை நிரம்பி மின்னியது. எல்லோரும் விதிப்படி கடலைப் பார்த்து நின்றார்கள். எல்லோருடைய முதுகுக்கும் பின்னால் ஹின்ரிக்ஸின் வயலில் விருந்து ஆரவாரமாக நடந்துகொண்டிருந்தது. செயலாளர் பேசத் தொடங்கினார்.

"இந்தப் பறவைகளிடம் நாங்கள் கற்க வேண்டியது தன்னடக்கம். நானே இன்று காலை விடுதியில் மூன்று முட்டையோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு பறவையை உண்மையாக அறிய வேண்டுமானால் அதிலிருந்து தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் இந்தக் கந்தோர் உறுதியாக இருந்திருக்கிறது. அமைச்சில் நாங்கள் மக்கள் விஷயத்திலும் அதே முறையைத்தான் கைக்கொள்கிறோம்."

கைதட்டினார்கள். சத்தத்துக்கு வயலில் கொஞ்சம் அமைதி உண்டாகி, பிறகு மறுபடி பிடுங்கல் தொடங்கியது. செயலாளர் நியமனக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, விஜயரத்தினம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். கடிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் மேற்புறத்து முத்திரை வரைக்கும் அவருக்குத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் கடலைப் பார்த்தார்.

"விரதம் இல்லை" என்றார். "நான் எழுதியது பிழை. கடல் நிரம்பினால் புல் எட்டாது, அதனால் தின்னவில்லை. ஏற்றம் என்று எழுத விடவில்லை, பெட்டியை வெறுமையாக விட எனக்குப் பயம். வாத்துகள் இப்போது எங்களுக்குப் பின்னால் நிற்கின்றன. ஹின்ரிக்ஸின் கோதுமையைத் தின்கின்றன."

செயலாளர் மெல்லிய குரலில், திரும்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். லூட்கே மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து இருபத்துநான்கு. பத்தரை வரை அவதானிப்பு நேரம், அதற்குள் ஏலாது என்றார். ஆகவே ஜேர்மனியின் ஒரு செயலாளரும் ஒரு கலாநிதியும் அவர்களின் பரிவாரமும் ஆறு நிமிடம் வெறுங்கடலைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் இரண்டாயிரம் வாத்துகள் தின்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சுகவாச நிலையத்தார் ஒருவரின் வயிறும் அதோடு சேர்ந்து சத்தம் போட்டது.

பத்தரைக்கு லூட்கே தலையசைத்தார். எல்லோரும் திரும்பினார்கள். வயல் வாத்துகளால் கறுப்பாகக் கிடந்தது. நடுவில் உழவு இயந்திரத்தில் சாய்ந்து நின்ற ஹின்ரிக்ஸ் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

விஜயரத்தினத்துக்குப் பயமாகவும் இருந்தது, பெரிய பாரம் இறங்கியது போலவும் இருந்தது. போன கடிதம் போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்த நேரம் லூட்கேயின் பேனை கீறுகிற சத்தம் கேட்டது. "பத்து முப்பத்தொன்று" என்று அவர் சொல்லிச் சொல்லி எழுதினார். "விரதம் முறிக்கப்பட்டது."

பிரோடர்ஸன் அம்மையாரின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. விரதம் முறிப்பதை இதுவரை உலகில் ஒருவரும் பதிவு செய்யவில்லையே என்றார். விஜயரத்தினம் விடவில்லை. அவை பத்தரைக்கு முன்னமும் தின்றனவே, எல்லோரும்தானே கேட்டீர்கள் என்றார்.

"கேட்டோம்" என்று அம்மையார் அன்போடு ஒத்துக்கொண்டார். "ஆனால் எங்கள் படிவத்தில் காதுக்குப் பெட்டி இல்லை."

விஜயரத்தினம் பிழையை ஒத்துக்கொண்டதோ? அது திருத்தப் படிவத்தில் எழுதப்படாமல் வாயால் சொல்லப்பட்டபடியால் சொல்லப்படவே இல்லை என்று லூட்கே விளக்கினார். ஆகவே அவருடைய நம்பகத்தன்மையில் ஒரு கீறலும் விழவில்லை. செயலாளர் அந்த இடத்திலேயே இரண்டாவது கதிரை ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தார். முதல் கதிரையோடு முதுகோடு முதுகாக, வயலைப் பார்த்தபடி அதைப் பதிப்பார்கள். பின்பக்கத்தைப் பற்றி அனுபவமுள்ள ஒரே ஊழியர் விஜயரத்தினம். நியமனக் கடிதத்தை அவர் கையில் திணித்து, படம் எடுத்தார்கள். ஹின்ரிக்ஸுக்கும் கொடி கட்ட அனுமதி கிடைத்தது. விரத வெள்ளிகளில், பத்து முப்பத்தொன்றிலிருந்து பன்னிரண்டு மணி வரை. அவர் அன்று பின்னேரமே கொடிகளைக் கட்டினார். பிறகு அவிழ்க்கவே இல்லை. மற்ற நாட்களில் வந்து பார்க்கக் கந்தோருக்குக் கார் இல்லை.

வீட்டுக்கு வந்து கடிதத்தை மேசையில் விரித்து இருவரும் படித்தார்கள். பதினேழாவது பெட்டி: 'ஒப்பந்தம் முடியும் திகதி'. எதிரே ஒன்றும் இல்லை. வெள்ளையாக, சுத்தமாக, வெறுமையாக இருந்தது. விஜயரத்தினம் அதை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கை பழக்கத்தில் சட்டைப்பைப் பேனையைத் தேடியது. தேவமலர் கையைப் பிடித்து, "அது உப்பிடியே கிடக்கட்டும்" என்றார். கிடந்தது. தன் வாழ்நாளில் ஒரு பெட்டியை அவர் வெறுமையாக விட்டது இது இரண்டாம் தடவை. கையெழுத்து வைத்துக் கந்தோர்ப் பிரதியை அனுப்பினார்.

திங்கட்கிழமை அது மஞ்சள் துண்டோடு மேசையில் கிடந்தது. 'பெட்டி 17 நிரப்பப்படவில்லை. முழுமையற்ற ஒப்பந்தங்கள் செல்லுபடியாகா.' விஜயரத்தினம் லூட்கேயிடம் போய், நிரந்தரம் என்றால் முடிவுத் திகதி இல்லைதானே என்று கேட்டார். இல்லைதான் என்றார் லூட்கே. அப்படியானால் என்ன எழுதுவது என்று கேட்டார். அதைச் சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்றும், கணினி வெறுமையை ஏற்றுக்கொள்ளாது என்றும், பட்டியலில் நான்காம் இலக்கம் இருக்கிறது என்றும் லூட்கே சொன்னார். நான்கு: வேறு, விவரிக்கவும்.

விஜயரத்தினம் மேசைக்குத் திரும்பி வந்து, யன்னலால் வாகனத் தரிப்பிடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்கு இப்போது அவர் பயப்படவில்லை. பேனையை எடுத்து, வடிவான எழுத்தில், 'நான்கு: கடைசிக் கடல் ஏற்றம் நிகழும் நாள்' என்று எழுதிக் கொடுத்தார்.

லூட்கே அதை இரண்டு தரம் வாசித்தார். மஞ்சள் துண்டுக்குப் போன கை பாதியில் நின்றது. ஏற்றம் என்ற சொல்லைத் தன் அதிகாரத்தில் ஏற்கவும் ஏலாது, மறுக்கவும் ஏலாது. கடல் மட்டக் கந்தோரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கோப்பை மூடி, 'பரிசீலனையில், அதுவரை செல்லுபடியாகும்' என்று முத்திரை குத்தினார். குத்திவிட்டு விஜயரத்தினத்தைப் பார்த்து, தான் அந்தக் கந்தோரில் சேர்ந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

எட்டு மாதம் என்றார்கள், வருடம் ஒன்று ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. கடல் மட்டும் நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி, தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.